வலக்காலை நம்பிய வண்டி: கம்பம் பள்ளத்தாக்கில் புல்லட்டும் மாற்று மூட்டும்

தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாக லோயர் கேம்ப் வரை பள்ளத்தாக்கின் அடிநிலம் ஏறக்குறைய சமதளம். 1895இல் பெரியாறு அணை திறக்கப்பட்ட பிறகு நெல்லும் தென்னையும் வாழையும் பிற்காலத்தில் பன்னீர் திராட்சையும் செழித்த மண் இது. சுற்றிலும் மலை. மேற்கே போடிமெட்டும் கம்பம்மெட்டும், தென்மேற்கே குமுளி, கிழக்கே மேகமலை. மலைமேல் ஏலமும் தேயிலையும், அடிவாரத்தில் குடியிருப்பும் சந்தையும் என்பதுதான் இந்த ஊர்களின் அமைப்பு. 1928இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு வந்த ரயில் மலையடியிலேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் போக பஸ்ஸும் ஜீப்பும் இருந்தன. கூட்டத்தோடு போகாமல் தன் நேரத்துக்குப் போய்த் திரும்ப வேண்டியவருக்கு, ஏற்றத்தில் திணறாத இருசக்கர வண்டி தேவைப்பட்டது. அந்த இடத்தில்தான் புல்லட் வந்து உட்கார்ந்தது.

இந்திய ராணுவத்தின் தேவைக்காக 350 சிசி புல்லட்டை அரசு வாங்க முடிவு செய்ததே இந்தியாவில் அந்த வண்டியின் தொடக்கம். இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் தொழிற்சாலையில் முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி வண்டியாக்கினார்கள். 1957இல் பாகங்களைச் செய்வதற்கான கருவிகள் வந்து சேர்ந்தன. 1962க்குள் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. 1967இல் ரெடிட்ச் ஆலையை மூடினார்கள். 1970இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டின் உற்பத்தியே நின்றுபோனது. திருவொற்றியூர் மட்டும் அதே வார்ப்பிரும்பு இன்ஜினைப் பல ஆண்டுகள் தொடர்ந்து செய்தது. வேறு நாடுகளில் அருங்காட்சியகத்துக்குப் போன வண்டி, தமிழ்நாட்டில் போலீஸ்காரரும் பண்ணைக்காரரும் வியாபாரியும் தினசரி ஓட்டும் வண்டியாக நீடித்தது இப்படித்தான்.

அந்தப் பழைய புல்லட்டை ஸ்டார்ட் செய்வது கால் வலுவோடு கைப்பழக்கமும் சேர்ந்த வேலை. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பெட்ரோல் திறந்து, குளிர்ந்த காலையில் சோக்கை இழுத்து, சாவியைத் திருப்பியதும் ஹெட்லைட்டுக்கு மேலே உள்ள அம்மீட்டரின் முள் ஒரு பக்கம் சாயும். இடது கைப்பிடியில் உள்ள சின்ன டிகம்ப்ரஷன் லிவரை அழுத்திக்கொண்டு கிக்கரை மெல்ல மெல்ல இறக்க வேண்டும். முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்தினால், பிஸ்டன் உச்சியைத் தாண்டிவிட்டது என்று பொருள். லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பின் எடை முழுவதையும் வலக்காலில் இறக்கி ஒரே மிதி. கணக்கு சரியாக இருந்தால் வண்டி தட்டிக்கொள்ளும். பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே மிதித்துவிட்டாலோ, இக்னிஷன் டைமிங் முன்னால் போயிருந்தாலோ கிக்கர் திருப்பி அடிக்கும். அந்த அடி உள்ளங்காலில் தொடங்கி முழங்கால் வழியாக இடுப்புவரை ஏறும்.

கிக்கர் மட்டுமல்ல, கியரும் வலப்பக்கம்தான். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்க வேண்டும். நியூட்ரலுக்கென்று குதிகாலால் அழுத்தும் தனி லிவரும் உண்டு. பின்சக்கர பிரேக் இடக்காலில். இன்றைய வண்டிகளில் இவை இடம் மாறியிருப்பதால், பழைய புல்லட் ஓட்டியவரின் கால்களுக்கு வேறொரு தேய்மானக் கணக்கு இருக்கிறது. போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது டிரம் பிரேக்கை மட்டும் நம்ப முடியாது. இரண்டாம் கியரில் இன்ஜினே வண்டியைப் பிடிக்க, இடக்கால் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட வேண்டும். ஸ்டார்ட் செய்வதும் ஏற்றத்தில் கியர் மாற்றுவதும் வலக்காலுக்கு, இறக்கமும் கிக் அடிக்கும்போது உடம்பைத் தாங்குவதும் இடக்காலுக்கு.

போட்டி வண்டிகள் வராமல் இல்லை. மைசூரின் ஐடியல் ஜாவா 1960களில் ஜாவாவையும் 1973 முதல் எஸ்டியையும் விற்றது. இவற்றில் இடப்பக்கத்து ஒரே கம்பிதான் கிக்கராகவும் கியராகவும் வேலை செய்தது. 1980இல் வந்த டிவிஎஸ் 50 பள்ளத்தாக்கின் சமதளத்தைத் தனதாக்கிக்கொண்டது. வாழைத்தாரும் பால் கேனும் உரமூட்டையும் அதில் ஏறின. 1984 முதல் இன்ட்-சுசூகி, ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்எக்ஸ் 100 என்று நூறு சிசி வண்டிகள் வந்து, பெட்ரோல் செலவுக்கு அஞ்சியவர்களை இழுத்துக்கொண்டன. 1990களில் டாரஸ் டீசல் புல்லட்டும் கொஞ்ச காலம் விற்றது. இத்தனைக்கும் பிறகு பெட்ரோல் புல்லட்டை விடாதவர்கள், விட மனமில்லாதவர்கள். 1970களில் இருபது வயதில் அதை வாங்கியவர்களுக்கு 2010களில் அறுபதைத் தொடும் வயது. மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்து, படி இறங்கினால் வலித்து, கடைசியில் கிக்கரை மிதிக்க முடியாமல் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்த தலைமுறை இது.

மாற்று மூட்டின் வரலாறும் இதே காலத்தில் நடந்ததுதான். திருவொற்றியூரில் புல்லட் முழுமையாக உள்நாட்டு வண்டியான 1962ஆம் ஆண்டு நவம்பரில், இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி, உலோகப் பந்தும் பாலிஎத்திலீன் கிண்ணமும் கொண்ட இடுப்பு மூட்டைப் பொருத்தத் தொடங்கினார். அதற்குமுன் அவர் பயன்படுத்திய டெஃப்லான் சில ஆண்டுகளிலேயே தேய்ந்து, சுற்றியிருந்த எலும்பையும் கெடுத்திருந்தது. அந்தத் தோல்வியை மறைக்காமல் வேறு பொருளைத் தேடியதால்தான் அறுவை நிலைத்தது. முழங்கால் இதைவிடச் சிக்கலானது. வெறுமனே மடங்கும் கீல் அல்ல அது, உருண்டும் வழுக்கியும் சற்றே திரும்பியும் இயங்குவது. ரைட்டிங்டனிலேயே ஃபிராங்க் கன்ஸ்டன் 1968இல் செய்த வடிவமும், நியூயார்க்கில் ஜான் இன்சால் குழுவினர் 1974இல் கொண்டுவந்த டோட்டல் காண்டைலர் வடிவமும் இன்றைய செயற்கை முழங்காலுக்கு அடித்தளம்.

கம்பத்துக்காரருக்கு இந்த அறுவை எட்டும் தொலைவுக்கு வர நெடுநாள் ஆனது. எலும்பு முறிவென்றால்கூட மதுரை, பெரிய அறுவையென்றால் சென்னை அல்லது வேலூர் என்பதே பழைய நிலை. 2000களில் ஆண்டிபட்டி அருகே க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்தது மாவட்டத்துக்குப் பெரிய மாற்றம். 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் விலை நிர்ணய ஆணையம் முழங்கால் உள்வைப்புகளுக்கு உச்சவரம்பு விதித்தது. பெரும்பாலும் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டின் சராசரி விலை ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தது. அது வரி நீங்கலாக 54,720 ரூபாயானது. தேய்ந்த முட்டியை வயதின் விதி என்று ஏற்றுக்கொண்டிருந்த சிறு விவசாயிக்கு இந்த ஒரு ஆணை செய்த நன்மை மிகப் பெரிது.

வண்டியும் மாறியது. 1994இல் ஐஷர் நிறுவனத்தின் கைக்கு வந்த என்ஃபீல்டு, 2000களில் செல்ஃப் ஸ்டார்ட்டையும் ஐந்து கியர் பெட்டியையும் இடக்கால் கியரையும் கொண்டுவந்தது. 2009இல் புதிய இன்ஜினோடு கிளாசிக் 350 வந்தபோது பழைய தோற்றம் இருந்தது, கிக்கரைச் சார்ந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மூட்டு மாற்றியவர்களில் பலருக்கு மீண்டும் புல்லட் ஏற இது எளிய வழி. ஆனாலும் முப்பது நாற்பது ஆண்டுகள் ஓட்டிய வார்ப்பிரும்பு வண்டியையே மறுபடி எடுக்க விரும்புகிறவர் உண்டு. அவருக்குத்தான் கணக்கு நுணுக்கமாகிறது.

ஓட்டுவது மாற்று மூட்டுக்குப் பெரும் பாரமல்ல. நடக்கும்போது முழங்காலில் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை இறங்குகிறது, சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது அவ்வளவு இல்லை. சம்மணமிடவும் குந்தவும் வேண்டிய மடிப்பும் புல்லட்டுக்குத் தேவையில்லை. அறுவைக்குப் பிறகு பெரும்பாலோருக்கு முழங்கால் 110 பாகை அளவுக்கு மடங்கும், புல்லட் சீட்டுக்கு அதுவே தாராளம். இடையூறு வேறு மூன்று இடங்களில் இருக்கிறது. ஏறி இறங்குவது, நின்ற வண்டியைத் தாங்குவது, கிக்.

ஏறுவதில் இடுப்பு மூட்டு மாற்றியவருக்குத்தான் ஆபத்து அதிகம். பின்பக்கமாகத் திறந்து அறுவை செய்திருந்தால், முதல் சில மாதங்களில் இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்குவதும் தொடையை உள்நோக்கித் திருப்புவதும் பந்தைக் கிண்ணத்திலிருந்து கழற்றிவிடலாம். சீட்டுக்கு மேல் காலை வீசிப் போடும் அசைவில் இரண்டும் வரக்கூடும். தாங்குவதில் தொடையின் முன்தசை முக்கியம். பழைய புல்லட் 160 கிலோவுக்கு மேல், சாய்ந்தால் ஒரு காலே அதை நிமிர்த்த வேண்டும். அறுவையால் முதலில் வலுவிழப்பதும் கடைசியில் மீள்வதும் அந்தத் தசைதான். கார் ஓட்ட ஆறு வாரம் போதும் என்று சொல்லும் மருத்துவர்களும் மோட்டார் சைக்கிளுக்கு மூன்று மாதமாவது கேட்பது இதனால்தான்.

கிக்கில், எந்தக் கால் மாற்றப்பட்டது என்பது முதல் கேள்வி. வலமானால் திருப்பியடிக்கும் விசை நேராக உலோகத் தட்டிலும் அதன் கீழுள்ள எலும்பிலும் இறங்கும். இடமானால் கிக் அடிக்கும் நொடியில் உடம்பு முழுவதும் அந்தப் புது மூட்டில் நிற்கும். டைமிங்கைச் சரியாக வைத்து, பாயிண்டைச் சுத்தம் செய்து, கார்புரேட்டரை ஒழுங்குபடுத்திய வண்டி ஓரிரு மிதியில் எழும். கவனிக்காத வண்டியை இருபது முறை மிதிக்க வேண்டியிருக்கும். மூட்டு மாற்றியவருக்கு நல்ல மெக்கானிக்கும் சிகிச்சையில் பங்குள்ளவர் என்று சொல்வது மிகையல்ல. கிக்கை இன்னொருவர் அடித்துத் தர ஓட்டுவதிலும் குறைவு எதுவும் இல்லை. தோட்டப் பாதையில் வண்டி நின்றுபோனால் என்ன செய்வது என்பதை மட்டும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். மேகமலை, போடிமெட்டு போன்ற சாலைகளுக்குத் தனியே போகாமலிருப்பது அந்த வகையில் நியாயமானது.

உலோகமும் பிளாஸ்டிக்கும் எத்தனை காலம் உழைக்கும் என்பதற்கும் இன்று நம்பகமான கணக்கு உண்டு. பல நாட்டுப் பதிவேடுகளைச் சேர்த்து 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வின்படி முழங்கால்களில் சுமார் 82 விழுக்காடும் இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 விழுக்காடும் 25 ஆண்டுகள் நிலைக்கின்றன. அறுபதில் மாற்றியவருக்கு முழங்கால் பெரும்பாலும் ஆயுளுக்கும் வரும். தேய்மானத்தைவிட அஞ்ச வேண்டியது விழுவதை. உள்வைப்பின் தண்டைச் சுற்றியுள்ள எலும்பு முறிந்தால் அதைச் சேர்ப்பது முதல் அறுவையைவிடக் கடினம்.

சட்டமும் இந்த வயதைக் கவனத்தில் வைத்திருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 55 வயதைக் கடந்தவர் ஓட்டுநர் உரிமத்தை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், மருத்துவச் சான்றும் தர வேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த வண்டியின் பதிவுக்கும் அதே ஐந்து ஆண்டுக் கெடுதான், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தகுதி பார்த்துப் புதுப்பிக்கிறார்கள்.