சாவிக்கொத்தில் ஒரு கணப்பொழுது வெளிச்சம்

சென்ற மழைக்காலத்தில் ஒரு வாசிப்புக் கூட்டம் முடிந்து நாம் ஏழெட்டுப் பேர் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. மாலை முழுவதும் உரைகளைப் பதிவு செய்ததில் செல்பேசிகள் பாதிக்குமேல் உயிரை விட்டிருந்தன. திருப்பமொன்றில் படிகள் முடிந்துவிட்டதாக எண்ணிக் காலை வைத்த மூத்த நண்பர் ஒருவர் கணுக்கால் முறிந்து ஆறு வாரம் கட்டிலில் கிடந்தார். வீட்டில் நான்கு டார்ச்சுகள் இருப்பதாக அவருடைய துணைவியார் மருத்துவமனையில் சொன்னபோது எவருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஆளுக்கொரு சிறு விளக்கு வாங்கிச் சாவிக்கொத்தில் கோத்துக்கொள்வதென்று அங்கேயே முடிவாயிற்று. எதை வாங்குவது என்பதில்தான், நம் வழக்கப்படி, ஒற்றுமை இல்லை. அந்தச் சச்சரவைத் தீர்க்க இந்த விளக்குகளின் பழைய கதையைப் புரட்டத் தொடங்கினோம். புரட்டப் புரட்ட ஒன்று தெளிவாயிற்று: இந்தக் கதையில் பல்புக்கு எப்போதும் துணைப் பாத்திரம்தான். கதாநாயகன் மின்கலம்; சில அத்தியாயங்களில் வில்லனும் அதுவே.

கதையை 1890களின் நியூயார்க்கில் தொடங்க வேண்டும். மின்ஸ்க் நகரத்தில் அகிபா ஹோரோவிட்ஸ் என்ற பெயரில் பிறந்த யூதர் ஒருவர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து கான்ராட் ஹ்யூபர்ட் ஆனார். சுருட்டுக்கடை, உணவு விடுதி, பால் வண்டி, நகைக்கடை என்று குடியேறிகளுக்கே உரிய பல படித்துறைகளில் இறங்கி ஏறியபின், மின்சார வேடிக்கைப் பொருள்கள் விற்கும் நிறுவனமொன்றை நடத்தலானார். அவர் விற்றவற்றுள் ஒன்று கழுத்துப்பட்டையில் குத்திக்கொள்ளும் ஒளிரும் ஊசி. சட்டைப்பையில் மின்கலம், அங்கிருந்து மெல்லிய கம்பி, மார்பில் ஒரு பொட்டு வெளிச்சம். ஆக, ஹ்யூபர்ட்டின் கடையில் உடம்போடு சுமக்கும் விளக்கு முதலில் விலைபோனது இருட்டில் வழி காண்பதற்காக அன்று, விருந்தில் பிறர் காண்பதற்காக.

அந்த நிறுவனத்துக்காக டேவிட் மிசெல் என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய கருவிக்கு 1899 ஜனவரி 10ஆம் தேதி காப்புரிமை கிடைத்தது. ஒரு குழல், அதனுள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய மின்கலங்கள், முனையில் ஒரு சிறு பல்பு, பின்னால் சுமாரான பித்தளைப் பிரதிபலிப்பான். இன்றைய டார்ச்சின் உருவம் அன்றே ஏறக்குறைய முழுமை பெற்றுவிட்டது. இதைச் சாத்தியமாக்கியது பல்பு அன்று. பல்பு எடிசன் காலத்திலிருந்தே இருந்தது. ஆனால் 1866இல் ழார்ழ் லெக்லான்ஷே அமைத்த மின்கலம் திரவம் நிறைந்த கண்ணாடி ஜாடி, கவிழ்த்தால் கொட்டிவிடும். அந்தத் திரவத்தைப் பசையாக்கித் துத்தநாகக் குவளைக்குள் அடைத்து, 1880களில் ஜெர்மனியின் கார்ல் காஸ்னர் உலர் மின்கலத்தைச் செய்த பிறகுதான் விளக்கைத் தலைகீழாகப் பிடிக்க முடிந்தது.

ஹ்யூபர்ட் சில கருவிகளை நியூயார்க் காவலர்களுக்கு இலவசமாகக் கொடுத்து, அவர்களுடைய பாராட்டுரைகளை விளம்பரமாக்கிக்கொண்டார். ஆயினும் அந்த விளக்கைத் தொடர்ந்து எரிக்க முடியாது. கரியிழை பல்பு மின்சாரத்தை ஒரே மடக்கில் குடித்தது. மின்கலம் களைத்துப் போனது. சற்றே அழுத்தி, ஒரு வீச்சு வெளிச்சத்தில் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு விரலை எடுத்துவிட வேண்டும். அமெரிக்கர்கள் அதை 'ஃப்ளாஷ் லைட்' என்றது அதனால்தான். கருவியின் குறையே அதன் பெயராயிற்று. ஆங்கிலேயரோ தீவட்டிக்கு வைத்திருந்த 'டார்ச்' என்ற சொல்லை அதற்குக் கொடுத்தார்கள். நாம் ஆங்கிலேயர் வழி வந்ததால் டார்ச் என்கிறோம். மின்னிமறைவது என்ற அமெரிக்கப் பெயர்தான் பொருத்தமானது என்று இப்போது நமக்குத் தோன்றுகிறது. சாவிக்கொத்து விளக்கிடம் நாம் கேட்பதும் அதைத்தானே?

1910ஐ ஒட்டி டங்ஸ்டன் இழை வந்ததும் விளக்கு நின்று எரியக் கற்றுக்கொண்டது. அதற்கு முன்பே, கோட்டின் உள்ளங்கிப் பையில் அடங்கும் தட்டையான சிறு விளக்குகள் சந்தைக்கு வந்துவிட்டன. நம் சாவிக்கொத்து விளக்கின் நேர் மூதாதை அவைதாம். ஹ்யூபர்ட் தம் பங்கில் பாதியை 1906இல் நேஷனல் கார்பன் நிறுவனத்துக்கு விற்றார். 1914இல் மீதியும் அதன் கைக்குப் போயிற்று. 1917இல் நேஷனல் கார்பனே யூனியன் கார்பைடு என்னும் பெருங்குழுமத்தில் கலந்தது. 1928இல் ஹ்யூபர்ட் இறந்தபோது விட்டுச்சென்ற பல லட்சம் டாலரில் பெரும்பகுதி அறக்கொடைக்கு என்று எழுதியிருந்தார். அதைப் பங்கிட்டுக் கொடுத்த மூவருள் ஒருவர், அப்போதுதான் பதவியிலிருந்து இறங்கியிருந்த அமெரிக்க அதிபர் கால்வின் கூலிட்ஜ்.

யூனியன் கார்பைடு என்ற பெயரைக் கேட்டதும் வாசகர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கக் கூடும். ஆம், அதே நிறுவனம்தான். 1934இல் எவரெடி கம்பெனி என்று இந்தியாவில் பதிவானதே பிற்பாடு யூனியன் கார்பைடு இந்தியா ஆயிற்று. நம் வீடுகளில் ரெண்டு கட்டை லைட்டு, மூணு கட்டை லைட்டு என்று கட்டைக் கணக்கில் மதிப்பிடப்பட்ட அந்த எவர்சில்வர் நிறக் குழல்களுக்கும், வயலுக்கு நீர் பாய்ச்சப் போனவர்களைப் பாம்பிடமிருந்து காத்த வெளிச்சத்துக்கும் கட்டை கொடுத்த நிறுவனமே போபாலில் பூச்சிக்கொல்லி ஆலையும் நடத்தியது. 1984 டிசம்பர் 2, 3 தேதிகளுக்கு இடைப்பட்ட இரவில் அங்கிருந்து கசிந்த நச்சுவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1994இல் அமெரிக்கத் தாய் நிறுவனம் இந்தியப் பங்குகளை விற்று வெளியேற, மின்கல வணிகம் எவரெடி என்ற பெயரில் தொடர்ந்தது. விற்ற பணம் போபாலில் மருத்துவமனை எழுப்பப் பயன்பட்டது. தீப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு சாதாரணப் பொருளின் வம்சாவளியில் இப்படியொரு இரவும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் கடந்து போக நமக்கு மனம் வரவில்லை.

சாவிக்கொத்துக்கு வருவோம். குரோவேஷியாவில் வளர்ந்து 1950இல் அமெரிக்கா திரும்பிய ஆண்டனி மாக்லிகா, மேக்லைட் என்ற பெயரில் உறுதியான அலுமினிய விளக்குகளைச் செய்து புகழ்பெற்றவர். அவருடைய 'சாலிடேர்' 1988இல் வந்தது. தொலைக்காட்சி ரிமோட்டில் போடும் சிறிய கட்டை, அதாவது டிரிபிள் ஏ, ஒன்றே ஒன்று. சுண்டுவிரல் நீளத்தைவிடச் சற்றுக் கூட. ஒளி சுமார் இரண்டு லூமன். அழகான பொருள்தான். ஆனால் இழை பல்பு அதிர்ச்சி தாங்காது. சாவிக்கொத்தோ நாளைக்குப் பத்து முறை மேசைமீது வீசப்படும் பொருள். மாற்று பல்பு ஒன்றை வாலில் ஒளித்து வைத்தே அதை விற்றார்கள். பல்பு போகும் என்பது தயாரித்தவருக்கே தெரிந்திருந்தது.

விடை வந்தது ஜப்பானின் டோகுஷிமா மாவட்டத்திலிருந்து. அங்கே நிச்சியா என்றொரு நிறுவனம். தொலைக்காட்சித் திரைக்கும் குழல்விளக்குக்கும் வேண்டிய ஒளிர்பொடிகள் செய்வது அதன் தொழில். அதன் ஊழியர் ஷூஜி நகமுரா, சிவப்பும் பச்சையும் கண்டாகிவிட்ட எல்.ஈ.டி.யில் எஞ்சியிருந்த பிரகாசமான நீலத்தைப் பல ஆண்டு தனி உழைப்பில், நிறுத்திவிடும்படி மேலிடம் சொன்ன பின்பும் விடாமல் தொடர்ந்து, அடைந்தார்; 1993இல் அது அறிவிக்கப்பட்டது. நீலம் கிடைத்ததும் வெள்ளை எளிதாயிற்று. நீல ஒளியின்மேல் மஞ்சளாக ஒளிரும் பொடியைப் பூசினால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். பொடிதான் நிச்சியாவின் குலத்தொழில் ஆயிற்றே! 1996இல் வெள்ளை எல்.ஈ.டி. விற்பனைக்கு வந்தது.

கண்டுபிடிப்புக்கு நிறுவனம் கொடுத்த வெகுமதி 20,000 யென். நகமுரா வழக்குத் தொடுத்தார். 2004இல் டோக்கியோ நீதிமன்றம் 2,000 கோடி யென் கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில், 2005இல், சுமார் 84 கோடி யென்னில் சமரசமாயிற்று. 2014இல் அகசாகி, அமானோ ஆகியோருடன் நோபல் பரிசும் பெற்றார். உடையாத, சூடேறாத, சொற்ப மின்சாரத்தில் எரியும் இந்த அரிசிமணி விளக்கு இல்லையேல் நம் தேடலே இல்லை.

சாவிக்கொத்தில் எல்.ஈ.டி.யைக் கோத்தவர்களுள் முந்தியது அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்திலிருந்து 1990களில் வந்த 'ஃபோட்டான் மைக்ரோ-லைட்'. நாணயம் போன்ற தட்டை மின்கலம், ஓர் எல்.ஈ.டி., இரண்டையும் அணைத்த ஓடு, பிதுக்கினால் வெளிச்சம். இதன் நகல்கள்தாம் பின்னர் ரயில் நடைமேடைகளிலும் கோயில் வாசல் கடைகளிலும் பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் நம்மிடம் வந்து சேர்ந்தவை. சிஆர் 2032 என்று அதன் முதுகில் பொறித்திருப்பது ஒரு விலாசம்: 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன். மூன்று வோல்ட் தரும். பல ஆண்டு சும்மா கிடந்தாலும் பெரிதும் வீரியம் இழக்காது. எல்.ஈ.டி.க்கு வேண்டியதும் ஏறக்குறைய அதே மூன்று வோல்ட்தான் என்பதால் இடையில் மின்சுற்று எதுவும் வேண்டியதில்லை. நம்முள் இருவர் உடனே இதற்கு வாக்களித்தனர்.

மூன்றாமவர் வீட்டில் இரண்டு வயதுப் பேரன் இருக்கிறான். அவர் சொன்னது எல்லோரையும் மௌனமாக்கியது. இந்த மின்கலத்தைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத் திசுவில் மின்சாரம் பாய்ந்து காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள் திசு வெந்துவிடக் கூடும். நீளம் பிசகாத சிறு குழாய், அதற்குப் பொருந்தும் வட்டம். யாரும் திட்டமிடாத கொடுமை. இத்தகைய மின்கல அறைகளைக் குழந்தை திறக்க முடியாதபடி அமைக்க வேண்டுமென்று அமெரிக்காவில் 2022இல் சட்டமே வந்தது. நடைமேடையில் வாங்கும் விளக்கின் ஓடோ நகத்தால் நெம்பினால் திறந்துகொள்கிறது. குழந்தைகள் புழங்கும் வீட்டில் திருகாணி இல்லாத நாணய மின்கல விளக்கு வேண்டாம் என்பதில் நமக்குள் பிறகு விவாதமே எழவில்லை.

அப்படியானால் டிரிபிள் ஏ. ஒன்றரை வோல்ட் மட்டுமே தரும் ஒற்றைக் கட்டையை வைத்து மூன்று வோல்ட் எல்.ஈ.டி.யை எரிக்க, மின்னழுத்தத்தை உயர்த்தும் குட்டிச் சுற்று ஒன்று வேண்டும். 2001 வாக்கில் அமெரிக்காவில் வந்த 'ஆர்க் ஏஏஏ' அதைச் சாதித்தது. அதன் வழித்தோன்றல்கள் இன்று பல நாடுகளிலிருந்து வருகின்றன. இங்கும் ஒரு சனி உண்டு. கார மின்கலம் மறக்கப்பட்டால் ஒழுகும். வெண்ணிறப் பூஞ்சை போலப் பூத்து, விளக்கின் உள்சுவரோடு கட்டையை ஒட்டிவிடும், அலுமினியத்தையே அரிக்கும். அதற்கும் மருந்து இருக்கிறது. 2005இல் ஜப்பானின் சான்யோ 'எனலூப்' என்ற பெயரில், மின்னேற்றி ஓராண்டு வைத்தாலும் பெரும்பகுதியைத் தக்கவைத்துக்கொள்ளும் நிக்கல் மின்கலத்தைக் கொண்டுவந்தது. ஒழுகுவது அரிது, நூற்றுக்கணக்கான முறை மின்னேற்றலாம்.

இன்றைய நாகரிகம் வேறு: உள்ளேயே அடைத்த லித்தியம் மின்கலம், யூஎஸ்பி துளை, கட்டைவிரல் அளவில் நூற்றுக்கணக்கான லூமன். இளைய நண்பர்களுக்கு இதில்தான் மோகம். அட்டையில் அச்சிட்ட எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள் என்று மட்டும் அவர்களுக்குச் சொன்னோம். 2009இல் அமெரிக்காவில் வகுத்த அளவை நெறிப்படி, தொடக்க ஒளி பத்தில் ஒரு பங்காகத் தேயும்வரை விளக்கு 'எரிவதாகவே' கணக்கு. '300 லூமன், மூன்று மணி நேரம்' என்ற வாக்கியத்தில் பொய் இராது. ஆனால் அந்த 300 சில நிமிடங்களில் சூட்டுக்குப் பயந்து தணிந்திருக்கும். தவிர, அடைத்த மின்கலம் மூப்படைந்தால் விளக்கே குப்பை. சாவிக்கொத்தை மாதந்தோறும் மின்னேற்றும் ஒழுக்கம் நம்முள் எத்தனை பேருக்கு உண்டு என்று கேட்டதற்குக் கை தூக்கியவர் ஒருவர்தான். அவரை நாம் நம்பவில்லை.

செல்பேசி இருக்க இவ்வளவும் எதற்கு என்ற கேள்வி இயல்பு. 2003இல் வந்த நோக்கியா 1100, இந்தியா போன்ற நாடுகளை மனத்தில் கொண்டு உச்சந்தலையில் டார்ச் வைத்தே வடிவமைக்கப்பட்டது. 25 கோடிக்குமேல் விற்றது. அதன் மின்கலம் நாள்கணக்கில் தாங்கியதால் அந்த டார்ச்சை நம்பலாம். இன்றைய செல்பேசி மாலைக்குள் பசித்துவிடுகிறது. அன்று மூன்றாம் மாடியில் நடந்தது அதுதான்.

கடைசியில் நாம் வாங்கியது ஒற்றை டிரிபிள் ஏ விளக்கு. தலையைத் திருகினால் எரிவது. பையில் தானே எரிந்து தீரும் அழுத்துபொத்தான் இல்லாதது. ஒளியளவு இரண்டே நிலை. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு ஒரு லூமனே தாராளம் என்பதால் சிறு நிலையைத்தான் அதிகம் புழங்குகிறோம். கட்டை, எனலூப்.

கணுக்கால் தேறிய நண்பர் போன வாரம் தொலைபேசினார். மின்சாரம் போன நேரத்தில் வீடு திரும்பியிருக்கிறார். பூட்டுத் துவாரத்தைக் கண்டு சாவியை நுழைக்க விளக்கு எரிந்தது நான்கு விநாடியாம். உள்ளே போய், அந்த நான்கு டார்ச்சுகளில் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டாராம். மூன்றில் கட்டை ஒழுகியிருந்தது.