உதவியவர்

ந. வானமாமலை தொகுத்த ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ 1964-இல் வெளிவந்தது. பாடல்களின் அடியில் சேகரித்தவர் பெயரும் இடமும் அச்சாகியிருக்கின்றன. சாத்தூருக்குத் தெற்கே, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து எஸ்.எஸ். போத்தையா கொண்டுவந்தவை அதில் பல. பாடியவர் பெயர் பெரும்பாலும் இல்லை. சில பாடல்களுக்குக் கீழே மட்டும் ‘உதவியவர்’ என்று ஒரு பெயர் காணப்படுகிறது. யார் யாருக்கு உதவினார்கள் என்ற கேள்வியை நாம் இன்னும் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

வானமாமலையைக் குறை கூறுவது என் நோக்கமல்ல. 1967-இல் நெல்லை ஆய்வுக் குழுவையும், 1969-இல் ‘ஆராய்ச்சி’யையும் தொடங்கியவர். தன் பெயர் ஒன்றே போதும் என்று இருந்துவிடாமல், சேகரித்தவர்களின் பெயரைப் பாட்டுக்குப் பாட்டு அச்சிட்ட நேர்மை அவருடையது. பாட்டு ஒரு சமூகத்தின் சொத்து என்று அவர் கருதினார். அது வாஸ்தவம். ஆனால் ஒப்பாரி வைக்கிற கிழவி, செத்தவனுக்குத் தகுந்தபடி அடியை மாற்றுகிறாள். ஒன்றை விடுகிறாள், ஒன்றைச் சேர்க்கிறாள். அந்த முடிவைச் சமூகம் எடுப்பதில்லை. அவள் எடுக்கிறாள். அதைத்தான் நாம் நம் கவிஞர்களிடம் படைப்பு என்கிறோம்.

ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள், தங்களுக்கு நிறையக் கதைகள் சொன்ன டோரோதியா ஃபீமனின் உருவப்படத்தை 1819-ஆம் ஆண்டுப் பதிப்பில் அச்சிட்டார்கள். அவள் 1815-இலேயே இறந்துவிட்டாள். மரியாதைதான். ஆனால் தையற்காரர் மனைவியான அவளைக் குடியானவப் பெண் என்றே அறிமுகப்படுத்தினார்கள். முகம் கிடைத்தது, ஆள் மாறிப்போனாள். பெயர் போடுவதோடு காரியம் முடிந்துவிடவில்லை என்பதற்கு இது அத்தாட்சி.

கி. ராஜநாராயணன் வேறு வழியில் போனார். 1982-இல் வந்த ‘கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி’, பண்டிதர்கள் சொல்லென்று ஒப்புக்கொள்ளாதவற்றுக்கு அகராதியில் இடம் கொடுத்தது. நாட்டுப்புறக் கதைகளையோ அவர் ஆய்வாளனாக அல்ல, இன்னொரு கதைசொல்லியாக எழுதினார். முதியவர்களின் பேச்சு அவர் உரைநடையில் உயிரோடு இருக்கிறது. ஆனால் எது அவர்களுடையது, எது கி.ரா.வுடையது என்று பிரிக்க முடியாது. கூட்டுப் படைப்பு என்றால் இப்படித்தான் இருக்கும். அட்டையில் மட்டும் ஒரு பெயர். 1989-இல், அறுபதைத் தாண்டிய பிறகு, புதுவைப் பல்கலைக் கழகம் பட்டமில்லாத அவரைப் பேராசிரியராக அழைத்தது. சேகரித்தவரே முதியவரானார். அப்போது அவரை யாரும் ‘உதவியவர்’ என்று எழுதவில்லை. எழுதவும் மாட்டார்கள். அவருக்கு ஏற்கனவே புத்தகம் இருந்தது.

வங்கியில் என் மேஜைக்குக் கைநாட்டு வைக்கிறவர்கள் வருகிறார்கள். ரேகைக்குப் பக்கத்தில் அது யாருடையது என்று பெயர் எழுதாவிட்டால் பணம் பட்டுவாடா ஆகாது. எழுதத் தெரிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார். அந்தக் கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் பணம் ரேகை வைத்தவருக்குத்தான். சாட்சி போட்டவர்தான் அங்கே உதவியவர்.

இலக்கியத்தில் நாம் இதைத் தலைகீழாகச் செய்து வந்திருக்கிறோம். இனித் தொகுக்கிறவர்களாவது அந்தச் சொல்லைத் தங்கள் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளட்டும்.