கெலிங் என்றொரு குடிப்பெயர்

கோலாலம்பூரில் காலை எட்டரைக்கு விமானம் கிளம்பியது. மேடான், குவாலானாமு விமான நிலையத்தில் இறங்கியபோது அங்கும் ஏறக்குறைய எட்டரைதான். ஒரு மணி நேரப் பயணம். அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் பின்னால். “அப்போ நாம எங்கயுமே போகல” என்றார் அம்மா. எழுபத்திரண்டு வயதில் அவருக்கு அது முதல் கடப்பிதழ்.

பள்ளி விடுமுறைக்கு நான்கு நாள் சுற்றுலா. மேடான், பிராஸ்தாகி, தோபா ஏரி. மூன்று குடும்பங்கள், பதினான்கு பேர், ஒரு சின்ன பேருந்து. முதல் நாள் நிரலில் மேடான் நகர உலா, பிறகு மலையேறி பிராஸ்தாகியில் தங்கல் என்று போட்டிருந்தது. வரலாறு தேடிப் போகும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. மகளுக்குக் கொஞ்சம் மனமாற்றம் வேண்டும். அவ்வளவுதான்.

வழிகாட்டிக்கு நாற்பது வயது இருக்கும். ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “மெஜுவா-ஜுவா” என்றார். “ஹோராஸ் என்பது தோபாக்காரர்களின் வணக்கம். நான் காரோ. எங்கள் வணக்கம் இது.” தன் பெயரைச் சொன்னார். காரோ ஆள் ஒருவர் பெயரோடு நிறுத்திக்கொண்டால் அது பாதி அறிமுகம்தான், குடிப்பெயரையும் சொல்ல வேண்டும் என்றார். “சாயா செம்பிரிங் கெலிங்.”

பேருந்தில் பேச்சு நின்றுபோனது. பின் இருக்கையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். என் மகள் சன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு மதியம். முதலாம் படிவத்தில் படிக்கும் அவள் பள்ளியிலிருந்து வந்து பையை வீசிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். வகுப்புப் பையன்கள் அவள் நாற்காலியின் முதுகில் லிக்விட் பேப்பரால் அந்தச் சொல்லை எழுதியிருந்தார்கள். காலை முழுக்க அவள் அதில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். நான் என்ன செய்தேன்? உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். கெலிங் கெட்ட சொல் இல்லம்மா, கலிங்கத்திலிருந்து வந்தது, பழைய மலாய் இலக்கியத்திலேயே இருக்கிறது, தெரியாதவன் ஏதோ எழுதிட்டான், நீ கண்டுக்காதே. அவள் முழுவதையும் கேட்டுவிட்டு “சரிப்பா” என்றாள். அதன்பிறகு பள்ளிக்கூடத்தைப் பற்றி என்னிடம் எதுவும் சொன்னதில்லை.

நான் சொன்னது பொய் இல்லை. செஜாரா மெலாயுவில் ‘பெனுவா கெலிங்’ என்றால் தென்னிந்தியா. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் கெலிங் என்றால் கப்பலும் துணிப்பொதியும் வைத்திருந்த வணிகன். 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்ததும் பெண்டகாராவாக அமர்த்திய நைனா சாத்து அப்படிப்பட்ட வணிகர்தான். மலாக்காவில் தஞ்சோங் கெலிங் இருக்கிறது, கம்போங் கெலிங் பள்ளிவாசல் இருக்கிறது. பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கிறது. வசைச்சொல்லை யாரும் தொழுகை இடத்துக்குப் பெயராக வைப்பதில்லை. சொல் அப்படியே இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அது சுட்டிய ஆள் மாறினான். வணிகன் போய், கரும்புக்கும் காப்பிக்கும் பிறகு ரப்பருக்கும் கொண்டுவரப்பட்ட கூலி வந்தான். அவனோடு சேர்ந்து சொல்லும் கீழே இறங்கியது.

மேடானில் முதலில் இறங்கிய இடம் கம்போங் மெட்ராஸ். “பழைய பெயர் கம்போங் கெலிங்” என்றார் வழிகாட்டி, இம்முறை குரலைக் கொஞ்சம் தாழ்த்தி. 1863இல் யாக்கோபுஸ் நீன்ஹய்ஸ் என்ற டச்சுக்காரர் டெலி சுல்தானிடம் நிலம் வாங்கிப் புகையிலை போட்டார். சுருட்டின் மேலிலைக்கு டெலி புகையிலைபோல் வேறில்லை என்று ஐரோப்பாவில் பேராகிவிட்டது. காடு அழிந்து தோட்டங்கள் பெருகின. சீனர்கள் புகையிலை வளர்த்தார்கள். பிறகு ஜாவானியர்கள் வந்தார்கள். தமிழர்களுக்குப் பெரும்பாலும் சாலை போடுவதும் வாய்க்கால் வெட்டுவதும் மாட்டுவண்டி ஓட்டுவதும். 1880இல் வந்த கூலிச் சட்டப்படி ஒப்பந்தம் முடியும் முன் தோட்டத்தைவிட்டு ஓடுவது குற்றம், அதற்குத் தண்டனை உண்டு. நான்கு ஆண்டு கழித்து, 1884இல், இந்தத் தெருமுனையில் மாரியம்மன் கோயில் எழுந்தது.

வாசலில் பூ விற்ற பெண்மணியிடம் அம்மா பேச்சுக் கொடுத்தார். அவருடைய தமிழில் பாதி இந்தோனேசியம். எந்த ஊரிலிருந்து வந்த குடும்பம் என்று அம்மா கேட்டதற்கு, “தெரியாது மா. தாத்தா பினாங்கு வழியா வந்தாராம், அதோட சரி” என்றார். அம்மா பேருந்துக்குத் திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். “எங்க அப்பாவும் பினாங்குலதான் எறங்குனாரு. கப்பலு மாறியிருந்தா நானும் இங்கதான் பூ வித்துக்கிட்டு இருப்பேன்.”

பிராஸ்தாகிக்கு வளைந்து வளைந்து ஏறும் சாலை. சிபோலாஙிட்டைத் தாண்டியதும் குளிர் வந்தது. வழிகாட்டி மறுபடி ஒலிவாங்கியை எடுத்தார். காரோ மக்களுக்கு ஐந்து பெருங்குடிகள்: கிந்திங், காரோ-காரோ, பெராஙின்-ஆஙின், தாரிகான், செம்பிரிங். காரோ மொழியில் ‘ம்பிரிங்’ என்றால் கறுப்பு. செம்பிரிங்குக்குள் கிளைகள் பல. அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்: “சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா, பிரஹ்மானா, கெலிங்...”

முன் இருக்கை அங்கிள் கைதட்டிவிட்டார். “கேட்டீங்களா? சோழன், பாண்டியன், பல்லவன், மலையாளம்! எல்லாம் ராஜேந்திரன் அடிச்சுப் புடிச்ச ஊரு!”

எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது, மறுக்கவில்லை. ஆனால் அங்கிள் சொன்ன கதை இந்த மலைக்குப் பொருந்தாது. ராஜேந்திர சோழனின் கடற்படையெடுப்பு 1025இல் நடந்தது. மெய்க்கீர்த்தியில் வரும் பண்ணையும் இலாமுரிதேசமும் இந்தச் சுமத்திராவின் கரையோர ஊர்கள்தான். படை வந்தது, வென்றது, திரும்பியது. தங்கியவர்களின் தடம் வேறு இடத்தில் இருக்கிறது. சுமத்திராவின் மேற்குக் கரையில், கற்பூரத்துக்குப் பேர்போன பாருஸ் அருகே, லோபு துவா என்ற ஊரில் 1873இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. அதன் காலம் சக ஆண்டு 1010, அதாவது பொது ஆண்டு 1088. படையெடுப்புக்கு 63 ஆண்டு பின்னால். அதை வெட்டியது மன்னன் இல்லை. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு. பாருஸை அது வாரோசு என்கிறது. அதில் பேசப்படுவதும் போர் இல்லை, வரி. வந்திறங்கும் மரக்கலத் தலைவனும் ஆட்களும் கஸ்தூரி விலையைக் கணக்காக வைத்துப் பொன் கட்ட வேண்டும். மேடானுக்குப் பக்கத்திலேயே கோத்தா சீனா என்ற பழைய துறைமுகத்தில் சீனப் பீங்கானோடு புத்தர், விஷ்ணு, லட்சுமி சிலைகளும் கிடைத்திருக்கின்றன. 12 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை அது நடமாட்டமுள்ள ஊர்.

கற்பூரமும் குங்கிலியமும் கரையில் விளைவதில்லை, மலைக்காட்டிலிருந்து வர வேண்டும். அவற்றுக்காகக் கரைக்கும் மலைக்கும் இடையே ஆள் போக்குவரத்து இருந்தது. அந்தப் பாதையில் பெயர்களும் ஏறியிருக்கின்றன. செம்பிரிங்கில் ஒரு பிரிவுக்குச் சிஙோம்பாக் என்று பெயர். முன்பு அவர்கள் இறந்தவரை எரித்து, சாம்பலைச் சிறு படகில் வைத்து லாவ் பியாங் ஆற்றில் விடுவார்கள். இதை வைத்து ஒவ்வொரு செம்பிரிங்கும் தமிழ் இரத்தம் என்று சொல்லிவிட முடியாது. பெயர் திருமணத்தாலும் வரும், மதிப்புக்காக ஏற்றுக்கொண்டதாலும் வரும். வந்தவர்கள் ஆண்டார்களா என்றால் இல்லை. கலந்தார்கள், காரோ ஆனார்கள், மொழியை மறந்தார்கள். அங்கிள் பெருமைப்பட நினைத்தது இதுவாக இருக்காது.

பெனாத்தாபானில் சுட்ட சோளத்துக்கு நிறுத்தினார்கள். கீழே மேகம், எதிரே காடு. வழிகாட்டி அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டு காரோக்காரர்கள் சந்தித்தால் முதலில் ‘எர்துதூர்’ செய்வார்களாம். உன் குடி எது, உன் அம்மா குடி எது என்று கேட்டு, நீ எனக்கு என்ன முறை என்று கண்டுபிடிப்பது. முறை தெரிந்தபின்தான் பேச்சு. அம்மாவின் அண்ணன் தம்பி அவர்களுக்கும் ‘மாமா’தான், மாமாவின் மனைவி ‘மாமி’. மாமா மகள் ‘இம்பால்’, கட்டிக்கொள்ளும் முறை. அம்மா சோளத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்.

“உங்கள் குடி எது, பாட்டி?” என்று கேட்டார் வழிகாட்டி.

எங்கள் மேசையில் பேச்சு நின்றது. அந்தக் கேள்விக்கு எங்களிடம் இருந்த ஒரே பதில் சாதி. அங்கிள் தொண்டையைச் செருமிக்கொண்டு “நாங்க வந்து...” என்று ஆரம்பித்தார். “சோளம் ஆறிடும், தின்னுங்க” என்றார் அம்மா. பிறகு வழிகாட்டியிடம், தனக்குத் தெரிந்த பாசார் மலாயில், எங்களுக்குக் குடியெல்லாம் கிடையாது, தோட்டத்து ஆட்கள் என்றார்.

அவர் யோசித்தார். “அப்படியென்றால் நீங்களும் கெலிங். நாம் செனினா. ஒரே குடி.”

அம்மா தலையாட்டினார். அவருக்கு அந்தச் சொல் புதிதில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். எத்தனை வாயில் எத்தனை தடவை கேட்டிருப்பார்! சோற்றுக்கு உப்பு கேட்பதைப்போல அதை வாங்கிக்கொண்டார்.

என் மகள் மலாயில் கேட்டாள்: “அபாங், உங்களை யாரும் கேலி பண்ணமாட்டாங்களா?”

“எதுக்குக் கேலி? அது எங்க அப்பா பெயர், தாத்தா பெயர்.” அவர் அவள் முகத்தைப் பார்த்தார். “அங்கே உன்னைச் சொன்னார்களா?”

அவள் சொன்னாள். நாற்காலி, வெள்ளை மை, சிரித்தவர்கள் யார் யார், ஆசிரியர் அதைச் சுரண்டச் சொன்னது, சுரண்டியும் தடம் போகாதது. சுரண்டியது அவள்தான். அது எனக்கு அன்றுதான் தெரியும். மூன்று மாதமாக என்னிடம் சொல்லாததை முன்பின் தெரியாத ஓர் ஆளிடம், சோளக்கதிரைச் சுழற்றிக்கொண்டே சொன்னாள்.

அவர் கலிங்கத்தைப் பற்றிப் பேசவில்லை. “காலையில் கோயில் இருந்த தெருவில் நான் குரலைத் தாழ்த்தியதைக் கவனித்தாயா? அங்கே ஒரு தமிழரைப் பார்த்து இதே சொல்லைச் சொன்னால் அது வசை. அதனால்தான் கம்போங்கின் பெயரையே மாற்றினார்கள். நான் என்னைச் சொல்லிக்கொண்டால் அது குடி. ஒரே ஊர், ஒரே சொல். நாங்கள் இரண்டையும் தெரிந்து வைத்துக்கொண்டுதான் வாழ்கிறோம்.”

இது எனக்குத் தெரியாத உண்மையா? இல்லை. ஆனால் மகள் அழுத அன்று நான் அதன் ஒரு பாதியை மட்டும் எடுத்து அவள் வாயை அடைத்தேன். சொல்லின் வேர் தூய்மையானது என்று நிறுவிவிட்டால் அதை எறிந்தவன்மேல் கோபப்பட வேண்டியதில்லை, பள்ளிக்குப் போய் நிற்க வேண்டியதில்லை, எந்த ஆசிரியரிடமும் முகம் கடுக்க வேண்டியதில்லை. வரலாறு எனக்கு அவ்வளவு வசதியாக இருந்தது. இந்தச் சொல்லுக்காக நாம் கொந்தளிக்கும்போதெல்லாம் “அது பழைய சொல்தானே” என்று நமக்கு எடுத்துச் சொல்பவர்கள் செய்வதும் அதையேதான். நான் அதை என் வீட்டுக்குள், தமிழில் செய்திருக்கிறேன்.

ஒரு சொல் எங்கிருந்து புறப்பட்டது என்பதைக் கல்வெட்டு சொல்லும். இன்றைக்கு அது எங்கே போய் விழுகிறது என்பதை, யார் வாயிலிருந்து யாருடைய நாற்காலிக்குப் போகிறது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

இரவு பிராஸ்தாகி விடுதியில் இரண்டு கம்பளி போர்த்தியும் குளிர் அடங்கவில்லை. அம்மா தூங்கிவிட்டார். மகள் இருட்டில் கேட்டாள், “இதையெல்லாம் அவனுங்ககிட்ட சொன்னா நிறுத்திடுவானுங்களாப்பா?”

“மாட்டானுங்க” என்றேன். “ஸ்கூல் திறந்த முதல் நாள் நான் உன்கூட வர்றேன். பிரின்சிபல பாக்கணும்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “அங்க போயி கலிங்கத்தப் பத்திப் பேசாதீங்க” என்றாள்.