ஹரால்ட் பொல்ஷாவ்

ஹரால்ட் பொல்ஷாவ் (5 அக்டோபர் 1903 – 29 ஏப்ரல் 1972) ஜெர்மானிய சீர்திருத்தச் சபைப் போதகர். நாஜி ஆட்சிக் காலம் முழுவதும் பெர்லின் டேகல் சிறையில் போதகராக இருந்தார். அருகிலிருந்த ப்ளெட்சன்ஸே சிறையிலும், பிராண்டன்பர்க் சிறையிலும் கொல்லப்பட்டவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கடைசி நேரத்தில் துணையாக நின்றவர். அதே ஆண்டுகளில் ஹிட்லர் எதிர்ப்பாளர்களின் கிரைசாவ் வட்டத்திலும் இருந்தார். தலைமறைவாகத் திரிந்த யூதர்களுக்கு வீடும் உணவும் தேடிக் கொடுத்தார். அரசிடம் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டே அவர் செய்த காரியங்களில் பல, பிடிபட்டிருந்தால், அவர் பணியாற்றிய சிறையின் கொலைக்கூடத்துக்கே அவரைக் கொண்டுபோயிருக்கும். சிறைப் போதகர்களுக்கு முன்மாதிரியாக இன்று அவர் பெயரைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அவர் பிரசங்கங்களைக் குறிப்பிடுவதில்லை. அவர் கோட்டுப் பையில் மறைத்துக் கொண்டுபோன கடிதங்களையும் ரொட்டியையும்தான் சொல்கிறார்கள்.

இளமையும் கல்வியும்

பிறந்தது போட்ஸ்டாமில், வளர்ந்தது சைலீசியாவின் ஒரு கிராமத்தில். தந்தையும் போதகர். அந்த வீட்டின் பழைமையான கிராமத்துப் பக்தியிலிருந்து மகன் சீக்கிரமே விலகினார். பேத்தல், டூபிங்கன், மார்பர்க் ஆகிய ஊர்களில் இறையியல் படித்தார். அவர் சிந்தனையை வார்த்தவர் பால் டில்லிக். நம் இறையியல் கல்லூரிகளிலும் பாடமாக இருக்கும் அதே டில்லிக்தான். அப்போது அவர் கிறிஸ்தவத்தையும் சமதர்மத்தையும் இணைத்துப் பேசிவந்த இளம் பேராசிரியர். அவரிடமே பொல்ஷாவ் 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். ஜெர்மனியின் சமூகநலச் சட்டங்கள் மனிதனை எப்படிப்பட்டவனாகக் கருதுகின்றன என்பது ஆய்வுப் பொருள். இதற்கிடையே பெர்லினில் சமூகநலப் பணியும் பயின்றிருந்தார். 1928இல் நூலகர் டோரதேயா ஜீகலேயை மணந்தார். பின்னாளில் கணவர் செய்ததாகச் சொல்லப்படும் உதவிகளில் சரிபாதி இந்தப் பெண்மணியின் அடுப்பங்கரையில் நடந்தவை.

டேகல்

1933 ஏப்ரல் 1ஆம் தேதி டேகல் சிறையில் பொறுப்பேற்றார். நாடு முழுவதும் யூதர்களின் கடைகளைப் புறக்கணிக்கும்படி நாஜிக் கட்சி ஆட்களை நிறுத்திய நாளும் அதுதான். புதிய அரசு ஒரு சிறைக்கு நியமித்த முதல் போதகர் அவரே. அன்றைய ஜெர்மனியில் சிறைப் போதகர் அரசு ஊழியர். சபையின் அங்கி அவர் மேல் இருக்கும். சாவியும் சம்பளமும் நீதித்துறையுடையவை. இந்த இரட்டை நிலை வேறு பலருக்குக் கண்ணியாக முடிந்தது. பொல்ஷாவ் அதைக் கருவியாக்கிக்கொண்டார். அறைக்குள் தனியாக நுழையவும், கதவைச் சாத்திக்கொண்டு பேசவும் சட்டம் தந்திருந்த உரிமையை அவர் அதன் கடைசி அங்குலம் வரை பயன்படுத்தினார்.

அவரை அறிந்தவர்கள் நெகிழ்ச்சியில்லாத, நிதானமான மனிதர் என்றே சொல்கிறார்கள். கைதிகளில் கணிசமானவர்கள் கம்யூனிஸ்டுகள். சபையோடு ஒட்டும் உறவும் இல்லாதவர்கள். அவர்களை மனந்திரும்ப வைக்க அவர் முயலவில்லை. ஜெபம் கேட்டவனோடு ஜெபித்தார், மனைவிக்குச் சேதி சொல்லக் கேட்டவனுக்குச் சேதி கொண்டுபோனார், ரொட்டி கேட்டவனுக்கு ரொட்டி கொடுத்தார்.

டேகலின் கைதிகளில் இன்று உலகறிந்தவர் இறையியலாளர் டீட்ரிச் போன்ஹோஃபர். 1943 ஏப்ரல் முதல் 1944 அக்டோபர் வரை அங்கே அடைக்கப்பட்டிருந்தார். சக கைதிகளுக்காக அவர் எழுதிய ஜெபங்கள் 1943 கிறிஸ்துமஸ் சமயத்தில் சிறைப் போதகர்கள் வழியாகவே மற்ற அறைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

ப்ளெட்சன்ஸே

1933 முதல் 1945 வரை ப்ளெட்சன்ஸே சிறையில் கொல்லப்பட்டவர்கள் 2,891 பேர். ஏறத்தாழ பாதிப் பேர் ஜெர்மானியர். மற்றவர்கள் செக், போலந்து, பிரெஞ்சு நாட்டவர் முதலியோர். 1937இல் அங்கிருந்த கொலைக் கொட்டகைக்குத் தலை துண்டிக்கும் கில்லட்டின் இயந்திரம் வந்தது. 1942 இறுதியில் அதே கொட்டகையில் தூக்கிலிடுவதற்காகக் கொக்கிகள் மாட்டிய இரும்பு உத்தரம் ஒன்றும் பொருத்தப்பட்டது.

கைதியைக் கடைசியாக வைத்திருந்த இடம் கொட்டகையை ஒட்டிய கட்டடத்தின் தரைத்தள அறை. கைகளில் விலங்கு. போதகர் அங்கே போய் உட்கார்ந்துகொள்வார். கடைசிக் கடிதம் எழுதக் காகிதம் தருவது, அதை வாங்கி வைப்பது, வீட்டாரிடம் சொல்ல வேண்டியதைக் கேட்டுக்கொள்வது, விரும்பினால் திருவிருந்து கொடுப்பது, பேச்சே வேண்டாம் என்பவரோடு பேசாமல் இருப்பது: வேலை இவ்வளவுதான். நேரம் வந்ததும் முற்றத்தைக் கடந்து கூட்டிப்போவார்கள். கொட்டகையில் ஒரு கறுப்புத் திரை இருக்கும். தீர்ப்பை உறுதி செய்தபின் திரை விலகும். அதற்குப் பின் சில நொடிகள்தான். முடிந்ததும் குடும்பத்துக்குக் கட்டணச் சீட்டு போகும். சிறையில் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் 1.50 மார்க், தண்டனையை நிறைவேற்றிய செலவு 300 மார்க், அந்தச் சீட்டை அனுப்பிய தபால் செலவு 12 ஃபெனிக். கொலையாளியின் கூலிக்கும் வருடச் சம்பளம் போகத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு இருந்தது. இந்தக் கணக்குப்பிள்ளைத்தனத்தின் நடுவே ஒரு மனிதர் கைதியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பேசியது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, தப்பியவர்களின் நினைவுக் குறிப்புகளைப் படிக்கும்போதுதான் விளங்கிக்கொள்ள முடிகிறது.

1942 டிசம்பர் 22, கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு. ‘செந்நிற இசைக்குழு’ என்று நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ பெயரிட்ட எதிர்ப்புக் குழுவினர் பதினொரு பேரை அன்று மாலை கொல்ல ஏற்பாடு. வழக்கத்துக்கு மாறாகப் போதகருக்கு அறிவிப்பு அனுப்பவில்லை. தற்செயலாகக் கேள்விப்பட்ட பொல்ஷாவ் விரைந்து வந்து ஒவ்வோர் அறையாகப் போனார். பொருளியலாளர் ஆர்விட் ஹார்னாக், லூக்கா சுவிசேஷத்திலிருந்து இயேசு பிறந்த கதையை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அவர் மனைவி மில்ட்ரெட் அமெரிக்காவில் பிறந்தவர், இலக்கிய ஆசிரியை. அவருக்கு முதலில் கிடைத்தது ஆறாண்டுச் சிறை. ஹிட்லர் அந்தத் தீர்ப்பை ஏற்காமல் மறுவிசாரணைக்கு உத்தரவிட, 1943 பிப்ரவரி 16இல் தலை துண்டிக்கப்பட்டார். அன்று பொல்ஷாவ் அறைக்குள் போனபோது அவர் கையில் ஜெர்மானியக் கவிஞர் கதேயின் கவிதைப் புத்தகம் இருந்தது. பக்க ஓரங்களில் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். அந்தப் புத்தகத்தைச் சிறைக்கு வெளியே கொண்டுவந்து காப்பாற்றியவர் போதகர்தான்.

1943 செப்டம்பரில் நடந்தது இதற்கெல்லாம் மேல். மாதத் தொடக்கத்தில் விழுந்த குண்டுவீச்சில் சிறையும் கில்லட்டினும் சேதமடைந்தன. மரண தண்டனைக் கைதிகள் நூற்றுக்கணக்கில் தேங்கியிருந்தார்கள். கருணை மனுக்களை அவசர அவசரமாகத் தள்ளுபடி செய்து, பட்டியலைத் தொலைபேசியிலேயே வாசித்தது நீதி அமைச்சகம். செப்டம்பர் 7 இரவு தொடங்கி மறுநாள் காலைக்குள் 186 பேரை எட்டு எட்டுப் பேராக நிறுத்தித் தூக்கிலிட்டார்கள். அந்த அவசரத்தில், உத்தரவே வராத ஆறு பேரும் அதில் அடங்கினார்கள். கொல்பவர்கள் களைத்துப்போன பிறகுதான் காலையில் நிறுத்தினார்கள். அடுத்த இரவுகளில் மீண்டும் தொடர்ந்தது. பொல்ஷாவும் கத்தோலிக்கக் குருவான பீட்டர் புக்ஹோல்ட்ஸும் அந்த இரவு முழுவதும் வரிசையோடு வரிசையாக நின்றார்கள். ஆளுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. ப்ளெட்சன்ஸேயின் அந்த இரவுகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இவ்விருவரின் சாட்சியத்திலிருந்து வந்தது.

கிரைசாவ் வட்டமும் கடிதங்களும்

வழக்கறிஞர் ஹெல்முத் ஜேம்ஸ் ஃபொன் மோல்ட்கேயைச் சுற்றித் திரண்டது கிரைசாவ் வட்டம். சைலீசியாவில் இருந்த அவருடைய பண்ணைதான் கிரைசாவ். ஹிட்லர் வீழ்ந்த பிறகு ஜெர்மனி எப்படி இருக்க வேண்டும் என்று அங்கே திட்டம் தீட்டினார்கள். பிரபுக்கள், தொழிற்சங்கவாதிகள், இயேசு சபைக் குருக்கள் எல்லாரும் அதில் உண்டு. பொல்ஷாவ் 1941இல் அவர்களோடு சேர்ந்தார். 1942 பெந்தெகொஸ்தே விடுமுறையில் நடந்த முதல் பெரிய கூட்டத்தில் கலந்துகொண்டார்.

மோல்ட்கே 1944 ஜனவரியில் கைதானார். செப்டம்பர் இறுதியில் அவரைக் கொண்டுவந்து அடைத்தது டேகலில்: நண்பர் போதகராக இருக்கும் சிறை. அன்று தொடங்கி ஏறத்தாழ நான்கு மாதம் மோல்ட்கேயும் மனைவி ஃபிரெயாவும் அனேகமாக நாள்தோறும் எழுதிக்கொண்டார்கள். தணிக்கைக்கு அகப்படாமல் அந்தக் கடிதங்களை உள்ளேயும் வெளியேயும் சுமந்தவர் பொல்ஷாவ். ஃபிரெயா பெர்லினில் தங்கியதும் அவர் வீட்டில்தான். தொழிலாளர் பகுதியான வெடிங்கில், ஆஃப்ரிகானிஷெ தெருவில் இருந்த சாதாரண அடுக்ககம் அது. மாலையில் கணவர் எழுதிய கடிதத்தை வாங்கிப் படித்து அங்கேயே உட்கார்ந்து பதில் எழுதுவார். காலையில் அது சிறைக்குப் போகும். வழக்கை எப்படி வாதாடுவது என்ற யோசனையும், பிள்ளைகளின் செய்தியும், வேத வசனங்களும் அந்தத் தாள்களில் கலந்து கிடக்கின்றன.

1945 ஜனவரி 11இல் மோல்ட்கேக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 23ஆம் தேதி காலை பொல்ஷாவ் வழக்கம்போல் அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மதியம் திரும்பிப் போனபோது அறை காலி. மோல்ட்கேயை ப்ளெட்சன்ஸேக்குக் கொண்டுபோயிருந்தார்கள், அன்றே தூக்கிலிட்டார்கள். ஃபிரெயா கடிதங்களைக் கிரைசாவில் தேன்கூட்டுப் பெட்டிகளுக்குள் ஒளித்துக் காப்பாற்றினார். தாம் உயிரோடு இருக்கும்வரை அவற்றை அச்சிட வேண்டாம் என்பது அவர் முடிவு. 2010இல் அவர் மறைந்தார். மறுவருடம் டேகல் கடிதங்கள் நூலாயின.

வட்டத்தின் முக்கியமானவர்கள் பலரும் பிடிபட்டும் பொல்ஷாவ் கைதாகவில்லை. விசாரணையில் சித்திரவதைக்கு ஆளானவர்களும் அவர் பெயரைச் சொல்லவில்லை. சிறைக்குள் அவர் அவர்களுக்கு எவ்வளவு தேவைப்பட்டார் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

தலைமறைவானவர்களுக்கு உதவி

பெர்லினிலிருந்து யூதர்களை நாடு கடத்துவது 1941 அக்டோபரில் தொடங்கியது. தப்பி ஒளிந்தவர்களுக்கு ரேஷன் அட்டை கிடையாது, விலாசம் கிடையாது, இரண்டு இரவுக்கு மேல் ஒரே வீட்டில் தங்கினால் அக்கம்பக்கத்தார் மோப்பம் பிடித்துவிடுவார்கள். அவர்களில் சிலருக்குக் காதோடு காதாகச் சொல்லப்பட்ட இடம் டேகல் சிறையில் போதகரின் அலுவலக அறை. கெஸ்டபோ தேடும் ஆள் தானாகச் சிறைவாசலுக்கு வந்து மணியடிப்பான் என்று யாருக்கும் தோன்றவில்லை. கைதியின் உறவினர்கள் போதகரைப் பார்க்க வருவது அன்றாட வழக்கம் என்பதால் வாசலில் கேள்வியும் இல்லை. போலி அடையாளச் சீட்டு, வேலை, அடுத்த சில வாரங்களுக்கு ஒரு படுக்கை என்று தேவைக்கேற்ப ஏற்பாடு நடக்கும். சிறையின் கேன்டீனைக் குத்தகைக்கு எடுத்திருந்த வில்லி கிரான்ஸ் உணவு கொடுத்து உதவியவர்களில் ஒருவர். ‘ஓங்கல் எமில்’ என்ற பெயரில் இயங்கிய எதிர்ப்புக் குழுவோடும் தொடர்பு இருந்தது. அக்குழுவைச் சேர்ந்த ரூத் ஆந்திரயாஸ் ஃபிரீட்ரிஷ் பின்னர் வெளியிட்ட நாட்குறிப்பில் பொல்ஷாவ் ‘டாக்டர் டேகல்’ என்ற மாற்றுப் பெயரில் வருகிறார்.

இவ்வாறு உயிர் தப்பியவர்களில் இசைக்கலைஞர் கொன்ராட் லாட்டே குறிப்பிடத்தக்கவர். பெற்றோரை ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் இழந்த அவர், வேறு பெயரில் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்துப் பிழைத்தார். போருக்குப் பின் பெர்லினில் பரோக் இசைக்குழு ஒன்றை நிறுவினார். 1945 பிப்ரவரியில், விமானத் தாக்குதலின் குழப்பத்தில் கெஸ்டபோவின் தடுப்பு முகாமிலிருந்து தப்பி ஓடிய, உடன்பிறந்த ஓர் ஆணும் பெண்ணும் நேராக வந்து கதவைத் தட்டியதும் பொல்ஷாவ் வீட்டில்தான்.

எழுந்த கேள்வி

கொலைக்கூடத்தில் போதகர் நிற்பதே அந்தக் கொலைக்கு ஒரு மரியாதையைக் கொடுத்துவிடுகிறது என்ற வாதம் எளிதில் ஒதுக்கக்கூடியதல்ல. பைபிளோடு ஒருவர் உடன் நடந்தால் அநீதியும் சடங்காகிவிடுகிறது. பொல்ஷாவ் 1933க்குப் பிறகு எந்த நாளிலும் விலகியிருக்கலாம். அவர் இடத்தில் அரசுக்கு வேண்டிய ஆள் வந்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் இந்தப் பதில் மட்டும் போதாது. கொடிய அரசின் கீழ் பதவியில் ஒட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் இதையே சொன்னார்கள். ஒட்டிக்கொண்டு அவர் என்ன செய்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அவரைப் போலவே புக்ஹோல்ட்ஸும் கடிதம் கடத்தினார்.   ஜெர்மனியின் சிறைப் போதகர்கள் எல்லாரும் இப்படி இருந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. இவர்கள் விதிவிலக்குகள்.

போருக்குப் பின்

போர் முடிந்ததும் சபையின் நிவாரண அமைப்பை உருவாக்குவதில், டேகலில் கைதியாக இருந்த ஆய்கன் கெர்ஸ்டன்மையரோடு சேர்ந்து உழைத்தார். 1946இல் ஜெர்மனியின் சோவியத் ஆக்கிரமிப்புப் பகுதியின் நீதி நிர்வாகத்தில் சிறைத்துறைச் சீர்திருத்தப் பொறுப்பை ஏற்றார். எண்ணியது நடக்கவில்லை. 1949இல் அதை விட்டுவிட்டு மீண்டும் டேகலுக்கே போதகராகப் போனார். 1951இல் பேராயர் ஓட்டோ டிபேலியஸ் அவரைத் தொழிலாளரிடையே பணியாற்றும் போதகராக நியமித்தார். கடைசிவரை அந்தப் பணியிலேயே இருந்தார்.

‘கடைசி மணிநேரங்கள்’ என்ற அவருடைய நினைவு நூல், அவர் சொல்லச் சொல்ல எழுத்தாளர் ஸ்டென்பாக் ஃபெர்மோர் எழுதியது, 1949இல் வெளிவந்தது. மேற்கு ஜெர்மனியின் அரசியலமைப்பு மரண தண்டனையை ஒழித்ததும் அதே ஆண்டில்தான். 1963இல் தன்வரலாறு வந்தது.

1971இல் இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவகம் பொல்ஷாவ், டோரதேயா இருவரையும் ‘உலக மக்களில் நீதிமான்கள்’ பட்டியலில் சேர்த்தது. மறுவருடம் மேற்கு பெர்லினில் அவர் காலமானார். 10348 என்ற எண்ணுள்ள சிறுகோளுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. பெர்லினின் மார்ட்சான் பகுதியில் ஒரு தெருவும் மின்ரயில் நிலையமும் பொல்ஷாவ் பெயரில் உள்ளன. ஜெர்மனி ஒன்றாகும் முன்பு அந்த நிலையத்துக்கு இருந்தது, கிழக்கு ஜெர்மனியின் காவல்துறைத் தலைவராகவும் உள்துறை அமைச்சராகவும் இருந்த கார்ல் மாரோனின் பெயர்.