தலைச்சேரியும் சர்க்கஸும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

சர்க்கஸ் மேலைநாட்டிலிருந்து வந்த கேளிக்கை என்பது பொதுவான கருத்து. வடிவத்தைப் பொறுத்தவரை அது உண்மையே. 1768 இல் லண்டனில் பிலிப் அஸ்ட்லி தொடங்கிய குதிரைச் சாகசக் காட்சிகளே நவீன சர்க்கஸின் தோற்றுவாய். ஆயின், இந்திய சர்க்கஸுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கலைஞரை வழங்கியது வட மலபாரின் தலைச்சேரி. அதன் காரணத்தை அப்பிரதேசத்தின் சமூக வரலாற்றிலேயே நாம் தேடுதல் வேண்டும்.

களரிப்பயிற்று அங்கு நிலவுடைமைப் போர்முறையின் அங்கமாக விளங்கியது. பழசிராசாவின் எதிர்ப்பை முறியடித்த காலத்தில் ஆங்கிலேயர் ஆயுதம் தாங்குவதைத் தடைசெய்தனர். போர்த்தேவை மறைந்தது, உடலைப் பழக்கும் அறிவோ களரிகளில் எஞ்சி நின்றது. பின்னர் மிஷன் பாடசாலைகள் ஐரோப்பிய உடற்பயிற்சியைக் கொணர்ந்தன. இவ்விரு மரபுகளும் ஒருவரிடத்தே சங்கமித்தன. அவரே பாசல் மிஷன் பாடசாலை ஆசிரியர் கீலேரி குஞ்ஞிக்கண்ணன். 1880 இல் முதல் இந்திய சர்க்கஸை நிறுவிய மராத்தியர் விஷ்ணுபந்த் சத்ரேயின் தொடர்பு அவருக்குப் புதிய களமொன்றைக் காட்டிற்று. 1901 இல் சிறக்கரையில் அவர் பயிற்சிக்கூடம் அமைத்தார். அவருடைய மாணவர் பரியாளி கண்ணன் 1904 இல் கிராண்ட் மலபார் சர்க்கஸைத் தொடங்கினார்.

பயின்றோருட் பலர் தீயர் முதலான தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த வறிய குடும்பத்தினர் என்பது மனங்கொள்ளத்தக்கது. சாதி வகுத்த தொழிலுக்கு வெளியே, உடற்றிறனொன்றையே முதலாகக் கொண்டு அவர்கள் ஊதியம் பெற்றனர். பெண்களும் வீட்டெல்லையைக் கடந்து தொழிலாளராயினர். எனினும் இதனை முழுமையான விடுதலை எனக் கொள்ளுதல் பொருந்தாது. கூடாரம் முதலாளிக்குரியது, விபத்தும் முதுமையும் கலைஞருக்குரியன. குழந்தைகளின் உழைப்பும் அங்கு சுரண்டப்பட்டது. 2011 இல் இந்திய உச்ச நீதிமன்றம் சர்க்கஸில் சிறுவரை வேலைக்கமர்த்துவதைத் தடைசெய்யுமாறு பணித்தமை நியாயமானதே. ஆனால், இளவயதிலேயே தொடங்கவேண்டிய அப்பயிற்சிக்கு மாற்றுவழி உருவாக்கப்படவில்லை. 2010 இல் தலைச்சேரியில் கேரள அரசு தொடங்கிய சர்க்கஸ் கலைக்கூடமும் சில ஆண்டுகளிலேயே செயலிழந்தது.

களரிப்பயிற்று இன்று பிரதேசத்தின் பாரம்பரியக் கலையாகப் போற்றப்படுகின்றது. அதே உடல்மரபின் மற்றொரு கிளையான சர்க்கஸோ வெறும் பொழுதுபோக்காகவே கணிக்கப்படுகின்றது. இவ்வேறுபாடு கலைத்தரத்தினால் எழுந்ததன்று. கோயிலும் அரண்மனையும் ஆதரித்தவை பண்பாடு எனவும், சந்தையில் நுழைவுச்சீட்டுப் பெற்று உழைக்கும் மக்கள் கண்டுகளித்தவை கேளிக்கை எனவும் பிரித்து நோக்கிய வர்க்கப்பார்வையே இதற்கு அடிப்படையாகும். பிரதேசப் பண்பாட்டு வரலாறு எழுதுவோர் இப்பிரிவினையை ஏற்றுக்கொள்ளும்வரை, அப்பண்பாட்டை உடலால் உழைத்து உருவாக்கியோர் அவ்வரலாற்றுக்குப் புறத்தேயே நிற்பர்.