அலமாரிச் சாவி யாரிடம்? பள்ளிக் கருவிகளைப் பங்கிட்ட வரலாறு

உங்கள் பள்ளியில் எத்தனை டேப்லெட் இருக்கிறது என்று கேட்டால் உடனே பதில் சொல்லிவிடுவீர்கள். போன வாரம் அவை எந்தப் பணித்தியத்திடம் எத்தனை பாடவேளை இருந்தன என்று கேட்டால்? பெரும்பாலும் தெரியாது. மலேசியப் பள்ளிகளின் கல்வித் தொழில்நுட்ப வரலாற்றை எழுதுகிறவர்களும் அப்படித்தான். எந்த ஆண்டு எது வந்தது என்று எழுதுவார்கள். வந்ததைப் பாடங்களுக்கிடையே எப்படிப் பங்கிட்டார்கள் என்பதை விட்டுவிடுவார்கள். நாம் இங்கே அந்த இரண்டாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டு போவோம். தமிழ்மொழிப் பணித்தியத்தின் லாப நட்டம் அதில்தான் இருக்கிறது.

பள்ளி வானொலி 1966-இல் வந்தது. கல்வித் தொலைக்காட்சி 1972 ஜூன் 19-இல் தொடங்கியது. இந்த இரண்டிலும் நேரத்தைத் தீர்மானித்தது பள்ளி அல்ல, ஒலிபரப்பு நிலையம். நிகழ்ச்சி வரும் நேரத்துக்குத் தகுந்தபடி நாம்தான் கால அட்டவணையை வளைக்க வேண்டியிருந்தது. ஆகவே சண்டை பெட்டிக்காக அல்ல, பாடவேளைக்காக.

1975-இல் வந்த பாடநூல் இரவல் திட்டத்தைத் தொழில்நுட்ப வரலாற்றில் யாரும் சேர்ப்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். யோசித்துப் பாருங்கள். புத்தகம் பள்ளியின் சொத்து. ஆனால் ஓர் ஆண்டு முழுக்க மாணவர் கையில் இருக்கிறது. உள்ளே முத்திரை, எண், வாங்கியவர் பெயர் எல்லாம் இருக்கும். ஆண்டு முடிவில் திரும்பி வரும். தொலைத்தால் என்ன செய்ய வேண்டும் என்பது முதல் நாளே எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் “தொலைஞ்சிடும்” என்று பயந்து பாடநூலை யாரும் அலமாரியில் பூட்டி வைப்பதில்லை. முதலில் வசதி குறைந்த குடும்பங்களுக்கென இருந்த இந்தத் திட்டம் 2008-இல் எல்லா மாணவர்களுக்கும் விரிந்தது. பகிர்ந்து பயன்படுத்தும் பொருளை எப்படி நிர்வகிப்பது என்பதற்கு நம் பள்ளிகளில் ஏற்கெனவே ஒரு நல்ல முறை இருந்தது என்றுதான் சொல்ல வருகிறேன். கணினி வந்தபோது அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கணினி எப்படி வந்தது? மல்டிமீடியா பெருவழித் திட்டத்தின் ஒரு பகுதியாக, 1999-இல் விவேகப் பள்ளித் திட்டம் முன்னோடிப் பள்ளிகளில் தொடங்கியது. அந்தப் பள்ளிகளை மூன்று நிலைகளாகப் பிரித்தார்கள். உயர்ந்த நிலையில் இருந்த சில பள்ளிகளுக்கு 520 கணினிகள், நடுநிலைக்கு 81, பெரும்பாலான பள்ளிகளுக்கோ ஒரே ஒரு கணினி அறை, 37 கணினிகள். 37 என்றால் ஒரு வகுப்புக்குச் சரியாக இருக்கும். ஒரு வகுப்பு உள்ளே போனால் மற்ற வகுப்புகள் வெளியே. அப்படியானால் யாருக்கு முதலிடம்? பாட மென்பொருள் தயாரானது மலாய்மொழி, ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகிய நான்கு பாடங்களுக்கு மட்டுமே. இதைத் தலைமையாசிரியரின் பாரபட்சம் என்று சொல்லிவிட முடியாது. பெட்டிக்குள் இருந்ததே அந்த நான்கு பாடங்கள்தான். பங்கீடு பள்ளி வாசலுக்கு வருமுன்பே முடிந்துவிட்டது.

2003-இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கினோம் அல்லவா? அந்தத் திட்டத்தோடு மடிக்கணினி, எல்.சி.டி. புரொஜெக்டர், திரை, தள்ளுவண்டி எல்லாம் வந்தன. இந்த முறை கருவியின் மேல் பாடத்தின் பெயரே எழுதியிருந்த மாதிரிதான். ஆனால் இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஆசிரியர் எண்ணிக்கை குறைந்த தமிழ்ப்பள்ளியில், காலையில் அறிவியல் நடத்துகிறவரே பிறகு தமிழும் நடத்துவார். கருவி அவரோடு சேர்ந்தே தமிழ் வகுப்புக்கும் போய்விடும். இடைநிலைப்பள்ளியில் அதற்கு வழியில்லை. அறிவியல் ஆசிரியர் வேறு, தமிழாசிரியர் வேறு. திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009-இல் வந்தது. கருவிகள் அதற்குப் பிறகும் பழைய அறையிலேயே இருந்தால், அது பழக்கத்தினால்தான்.

இடைநிலைப்பள்ளியின் நிலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1996 கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு நடத்தலாம். வகுப்பு கிடைத்தாலும் பல பள்ளிகளில் அது பள்ளி முடிந்த பிறகுதான் நடக்கிறது. பணித்தியம் என்றால் பல இடங்களில் ஒரே ஓர் ஆசிரியர். பிற்பகல் 2 மணிக்குத் தமிழ் வகுப்பு தொடங்கும்போது கணினி அறையின் சாவி வைத்திருப்பவர் வீட்டுக்குப் போயிருப்பார். பதிவேட்டில் உங்கள் பெயர் இருந்தால் என்ன, கதவு பூட்டியிருக்கிறதே!

2011-இல் 1பெஸ்தாரிநெட் வந்தது. 10,000 பள்ளிகளுக்கு இணையம், மெய்நிகர் கற்றல் தளம், பிறகு குரோம்புக். தளத்தின் பயன்பாடு 5 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை என்று தலைமைக் கணக்காய்வாளரின் 2013-ஆம் ஆண்டு அறிக்கை காட்டியது. ஒப்பந்தம் 2019 ஜூன் மாதத்தோடு முடிந்தது. அந்தத் திட்டத்தைக் குறை சொல்லிச் சொல்லியே ஒரு நல்ல விஷயத்தை நாம் மறந்துவிட்டோம். குரோம்புக்கில் மாணவர் தம் கணக்கில் நுழைகிறார். வேலையும் அமைப்புகளும் கணக்கோடு போகின்றன. அடுத்த வகுப்பு மாணவர் அதே கருவியில் தம் கணக்கைத் திறக்கலாம். டேப்லெட் அப்படிப் பிறந்தது அல்ல. ஒரே ஆள் வைத்திருக்கும் பொருளாகத்தான் அது வடிவமைக்கப்பட்டது. ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் பலர் கணக்கு வைத்துக்கொள்ளும் வசதி 2012-இல் வந்தது. ஐபேடில் பள்ளிகளுக்காக 2016-இல்தான் வந்தது. அந்த வசதியைப் போடாமல் கருவியைப் பகிர்ந்தால் என்ன ஆகும்? நேற்று நீங்கள் சேர்த்த தமிழ் விசைப்பலகையை இன்று வேறொரு வகுப்பு எடுத்துவிடும். 40 நிமிடப் பாடத்தில் அதைத் தேடிச் சேர்ப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். “தமிழுக்கு டேப்லெட் சரிப்படாது” என்ற பேச்சுக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

இன்னொரு பூட்டும் இருக்கிறது, அது பயம். அரசாங்கச் சொத்து என்றால் பதிவு, நகர்வுப் படிவம், தணிக்கை எல்லாம் உண்டு. காணாமல் போனால் பொறுப்பாசிரியர் விளக்கம் எழுத வேண்டும். கொடுக்காமல் வைத்திருந்ததற்காக யாரும் விளக்கம் கேட்பதில்லை. அப்புறம் அவர் என்ன செய்வார்? பூட்டி வைப்பார். அவரைக் கோபித்துப் பயனில்லை. கடன் வாங்குகிறவரின் கையெழுத்தோடு பொறுப்பும் கைமாறும்படி செய்தால் அவரும் நிம்மதியாகக் கொடுப்பார். பாடநூல் திட்டம் 1975-லிருந்து செய்துவருவது அதைத்தானே.

தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களே, மேலே வந்த ஆண்டுகளை மனனம் செய்வதோடு விட்டுவிடாதீர்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் பக்கத்தில் ‘எந்தப் பாடத்துக்கு? யார் பொறுப்பில்?’ என்று இரண்டு குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள். “வந்தது, பயன்பட்டது” என்று மட்டும் எழுதும் விடைக்கும் காரணம் காட்டி எழுதும் விடைக்கும் அங்கேதான் வேறுபாடு.

ஆசிரியர்களுக்கு: அடுத்த பணித்தியத் தலைவர்கள் கூட்டத்துக்குப் போகுமுன் பதிவேட்டை ஒரு மாதத்துக்குப் புரட்டி, ஒவ்வொரு பாடமும் எத்தனை பாடவேளை எடுத்தது என்று எண்ணுங்கள். அரை மணி நேர வேலை. அந்த எண்ணோடு மூன்றைக் கேளுங்கள். முன்பதிவு முந்துகிறவருக்கு என்றில்லாமல், ஒவ்வொரு பணித்தியத்துக்கும் வாரத்தில் ஒரு நிலையான வேளை வேண்டும். ஒவ்வொரு டேப்லெட்டுக்கும் எண் போட்டு, வகுப்புப் பட்டியலில் அதே எண்ணுள்ள மாணவரிடமே எப்போதும் தர வேண்டும்; கீறல் விழுந்தால் எந்த வகுப்பில் விழுந்தது என்று தெரியும். பள்ளி முடிந்த பிறகு தமிழ் வகுப்பு நடக்கும் நாளில் அலமாரியின் இரண்டாவது சாவி அலுவலகத்தில் இருக்க வேண்டும், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளும்படி.