பின்னால்தானே இருக்கிறது ஓடுதளம்?



நீங்கள் மும்பைக்கும் டெல்லிக்கும் போகும் விமானங்களில் ஒரு எஞ்சின் நின்றால் இன்னொன்று இருக்கும். இரண்டு பேர், நான்கு பேர் அமரும் சிறு விமானங்களில் பெரும்பாலும் இருப்பதே ஒன்றுதான். தரையை விட்டு எழும்பிய கொஞ்ச நேரத்தில் அது சக்தி இழந்தால்? 'பின்னால்தானே ஓடுதளம், திரும்பி இறங்கலாமே' என்றுதான் நமக்குத் தோன்றும். விமானிகளுக்கும் அப்படித்தான் தோன்றியது.

1912 ஆகஸ்ட் 25. இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில் ராணுவ விமானப் போட்டி. கடற்படை லெப்டினன்ட் வில்ஃப்ரெட் பார்க் ஓட்டிய ஆவ்ரோ விமானம் இறங்கும் நேரத்தில் பம்பரம்போல் சுழன்று விழத் தொடங்கியது. அதிலிருந்து மீளும் வழி அன்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது. கடைசி நொடியில் சுழற்சிக்கு எதிர்ப்பக்கமாகச் சுக்கானைத் திருப்பினார் பார்க். தரைக்கு ஏறக்குறைய 50 அடி மேலே விமானம் நிமிர்ந்தது! எப்படித் தப்பினார் என்பதை அவர் விவரமாகச் சொன்னதால், அது மற்ற விமானிகளுக்குப் பாடமாயிற்று.

அதே மனிதர் டிசம்பர் 15 அன்று ஹெண்டனிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஒரு பயணியுடன் கிளம்பினார். எஞ்சின் சரியாக இழுக்கவில்லை. வெம்ப்லி அருகே தாழ்வாகப் பறந்தபடி திரும்ப முயன்றபோது விமானம் விழுந்து இருவரும் இறந்தார்கள்.

ஏன் இப்படி? மூக்கைத் தூக்கி ஏறும் விமானத்தில் எஞ்சின் நின்றால் சில நொடிகளில் வேகம் போய்விடும். உடனே மூக்கைத் தாழ்த்த வேண்டும். சாய்ந்து திரும்பும்போதோ, பறப்பதற்கே கூடுதல் வேகம் வேண்டும், உயரமும் கரையும். வங்கிக்காரன் கணக்கில் சொன்னால், உயரம்தான் கையிருப்பு, ஓவர்டிராஃப்ட் கிடையாது. பாதித் திருப்பம் போதாது என்பதையும் கவனியுங்கள். வளைந்து வந்தால் ஓடுதளத்துக்குப் பக்கவாட்டில்தான் வந்து நிற்போம்; இன்னும் வளைந்துதான் நேராக வேண்டும். அதனால்தான் விமானிகள் இதை 'முடியாத திருப்பம்' என்பார்கள். உயரம் போதாவிட்டால் எதிரே தெரியும் திறந்தவெளியில் இறங்கு என்பதே பயிற்சி. எந்த உயரத்துக்கு மேல் திரும்பலாம் என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். எஞ்சின் நின்றபின் யோசிக்க நேரமிருக்காது.

நடிகர் ஹாரிசன் ஃபோர்டை உங்களில் பலருக்குத் தெரியும். 2015 மார்ச் 5 அன்று, 72 வயதில், இரண்டாம் உலகப்போர் காலத்து ரயன் பயிற்சி விமானத்தில் சான்டா மோனிகாவிலிருந்து கிளம்பினார். எஞ்சின் சக்தி இழந்தது. திரும்பி வருவதாகக் கட்டுப்பாட்டு கோபுரத்துக்குச் சொன்னார். ஓடுதளம் எட்டாது என்று புரிந்ததும் அதை விட்டுவிட்டு, பக்கத்துக் கோல்ஃப் மைதானத்தைத் தேர்ந்தெடுத்தார். ஒரு மரத்தின் உச்சியில் இடித்து விழுந்தார். பலத்த காயம், ஆனால் உயிர் பிழைத்தார்.

விசாரணையில் தெரிந்த காரணம், கார்புரேட்டருக்குள் எரிபொருளை அளந்துவிடும் ஒரு சிறு பாகம் கழன்றிருந்தது. தோள்பட்டை வாரும் சரியாகப் பொருத்தப்படாததால் காயம் அதிகமாயிற்றாம். குணமானதும் மனிதர் மறுபடியும் விமானம் ஓட்டப் போய்விட்டார்.